மூன்றாம் மூட்டை

புதன்கிழமை காலை மகளிர் குழுக் கட்டடத்துக்கு முன்னால் மோகனின் குட்டியானை வண்டி வந்து நின்றது. வண்டியில் காலிச் சாக்குகள் இல்லை. செவ்வந்தி முதலில் பார்த்தது அதைத்தான். இதுவரை வந்த மூன்று தடவையும் அவன் நிறைந்த மூட்டையை ஏற்றிக்கொண்டு, புதுச் சாக்கை மடித்துக் கையில் கொடுத்துவிட்டுத்தான் போயிருந்தான். இன்று இறங்கியவன் பேச்சைத் தொடங்க முடியாமல் டயரைக் காலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மோகன் வாலாஜாபாத்துக்காரன். சென்னையில் உள்ள ஓர் ஆராய்ச்சிக்கூடத்துக்குச் சுற்றுவட்டார ஊர்களிலிருந்து செடிகொடிகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவன் வேலை. உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகிற சாலையில் இருக்கும் இந்த ஊரில் அவனுக்கு நீர்முள்ளி அறுத்துக் கொடுப்பவர்கள் இரண்டே பேர். ஒருத்தி செவ்வந்தி. இன்னொருத்தி அவளோடு களையெடுக்கப் போகும் அம்முலு.

"யக்கா, மூணாவது மூட்டைல வேற ஏதோ செடி கலந்துகீதாம்," என்றான் கடைசியில். "மெஷின் காட்டிக் குடுத்துடுச்சாம். பெரிய சாரு இந்த ஊர் நீர்முள்ளியே இனிமே வேணாம்னுட்டாரு. சுப்ரஜா மேடம்தான் அவருகிட்ட பேசி, நேர்ல ஒரு தபா கேட்டுட்டு வரேன்னு வெள்ளிக்கெழம வர்றாங்க."

அந்த மூட்டைக்கான செடிகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்து, ஒட்டியிருந்த கோரையைக்கூடக் கிள்ளிப் போட்டவள் செவ்வந்தி. எடை போட்டு வாங்குகிற பொருளில் வேறு எதையோ கலந்தார்கள் என்றால் அதற்கு ஊரில் ஒரே பெயர்தான் உண்டு. பால் சங்கத்தில் பதினோரு வருஷமாகப் பால் ஊற்றுகிறாள். அங்கே பாலில் மிதக்கவிடும் அந்தக் கண்ணாடிக் குழாய் ஒரு நாளும் அவளைத் தலைகுனிய வைத்ததில்லை. இப்போது எங்கேயோ சென்னையில் இருக்கிற ஒரு மெஷின் வைத்துவிட்டது.

நீர்முள்ளியை அதுவரை யாரும் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. ஏரித் தண்ணீர் வடிய வடிய, ஈரம் காயாத கரையோரத்தில் அது தானாக முளைக்கும். கணுவுக்குக் கணு முள். நடுவில் ஊதாப் பூ. ஆடுகூட முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். உடம்பு வெளுத்துப்போன பிள்ளைத்தாய்ச்சிக்கு அதன் விதையைக் கஞ்சியில் போட்டுக் கொடுப்பார்கள். அவ்வளவுதான் அதற்கு மரியாதை. போன கார்த்திகையில் சுப்ரஜா என்கிற அந்தப் பெண் மோகனோடு ஏரிக்கரைக்கு வந்து செடியைத் தேடியபோது, நடவு வயலிலிருந்து கரையேறி வந்து காட்டிக் கொடுத்தவள் செவ்வந்திதான். கையில் சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு அறுப்பது, போர்வெல் தண்ணீரில் இரண்டு முறை அலசுவது, குழுக் கட்டடத்து நிழலில் வலைத்துணி விரித்து ஏழு நாள் உலர்த்துவது என்று எல்லாவற்றையும் சுப்ரஜா சொல்லிக் கொடுத்தாள். மார்கழியில் இரண்டு மூட்டை போயிற்று. இரண்டும் நல்ல மூட்டை என்று செய்தி வந்தது.

பொங்கல் கழிந்த வாரம் சுப்ரஜா மறுபடியும் வந்தாள். வேலை எதுவும் இல்லை. நன்றி சொல்லிவிட்டுப் போக வந்தாளாம். ஒரு டப்பா முறுக்கும் கொண்டுவந்திருந்தாள். திருப்புட்குழிக் கோயில் அர்ச்சகர் குடும்பத்துப் பெண். தரையில் உட்கார்ந்து இவர்களோடு சமமாக முறுக்கைக் கடித்தாள். இந்த முள்ளை வைத்துக்கொண்டு அங்கே என்னதான் செய்கிறீர்கள் என்று அம்முலு கேட்டதற்கு, மற்றவர்களாயிருந்தால் ஆராய்ச்சி என்று ஒற்றைச் சொல்லில் முடித்திருப்பார்கள். சுப்ரஜா ஒரு மணி நேரம் சொன்னாள்.

நம் உடம்பில் ரத்தம் தினமும் புதிதாக ஊறுகிறது. அதை ஊறவைக்கிற குருத்தணுக்கள் எலும்புக்குள்ளே இருக்கின்றன. ஸ்டெம் செல் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். ரத்தப் புற்றுநோய் வந்தவர்களுக்கு அவை கெட்டுப்போகும். அப்போது வேறொருவருடைய நல்ல குருத்தணுவை ஏற்றினால் பிழைக்க வழி உண்டு. பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தில் அவை இருக்கின்றன. ஆனால் ஒரு கொடியில் இருப்பது ஒரு சின்னக் குழந்தைக்குத்தான் காணும், பெரிய ஆளுக்குக் காணாது. சரி, ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பெருக்கலாம் என்றால் அங்கேதான் சிக்கல். வெளியே எடுத்து வளர்த்தால் அவை பெருகுகிற வேகத்திலேயே முதிர்ந்து சாதாரண ரத்த அணுவாகிவிடுகின்றன. பிறகு அவற்றால் புது ரத்தத்தை ஊறவைக்க முடியாது.

"நாத்து முத்திப் போறாப்ல," என்றாள் செவ்வந்தி. "முத்துனத எட்த்து நட்டா புடிக்காது."

சுப்ரஜா முறுக்கைக் கீழே வைத்துவிட்டாள். மூன்று வருஷமாக அதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்ததாகவும், இனிமேல் எல்லாரிடமும் இப்படியே சொல்லப்போவதாகவும் சொன்னாள். நாற்று நாற்றாகவே இருந்துகொண்டு பெருக வேண்டும். அதற்கு உதவுகிற ஏதோ ஒரு சத்து இந்த நீர்முள்ளியில் இருப்பதுபோல் தெரிகிறது. உறுதியாகச் சொல்ல இன்னும் வெகுதூரம் போக வேண்டும் என்றாள்.

செவ்வந்தி அன்றிரவு படுத்துக்கொண்டு அதையே நினைத்தாள். இரண்டு மூட்டையையும் மாட்டுக்குப் புல் அறுப்பதுபோல அறுத்துவிட்டோமே என்று மனசுக்கு ஒரு மாதிரி இருந்தது. தெரியாமல் செய்தது போகட்டும். மருந்து என்று தெரிந்த பிறகும் அப்படி அறுக்க முடியுமா? மூன்றாம் மூட்டைக்குப் போன அன்று விடியலில் தலைக்குக் குளித்தாள். கரைமேல் இருக்கும் பொன்னியம்மனுக்குக் கற்பூரம் ஏற்றினாள். செடியிடம், யாரோ பெத்த பிள்ளைக்காக உன்னை அறுக்கிறேன், கோவிச்சுக்காதே என்று சொல்லிக்கொண்டாள். அலசி முடித்த கட்டுகளை, அம்மியில் அரைத்த மஞ்சளைக் கரைத்த அலுமினிய அன்னக்கூடைத் தண்ணீரில் ஒருமுறை முக்கி எடுத்து உலர்த்தினாள். ஏழு நாளும் அந்தப் பக்கம் செருப்பு போட்டுக்கொண்டு யாரையும் போகவிடவில்லை. அவள் வாழ்நாளில் அத்தனை சுத்தமாக எந்த வேலையும் செய்ததில்லை என்றே நினைத்திருந்தாள்.

அந்த மூட்டைதான் இப்போது கலப்பட மூட்டை.

புதன் மதியத்துக்குள் செய்தி ஊருக்குத் தெரிந்துவிட்டது. பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருக்கிற சின்னராசு கெட்டவனில்லை. ஆனால் வாய் சும்மா இருக்காது.

"பால்ல தண்ணி கலப்பாங்க, மொளகாத்தூள்ல செங்கல் கலப்பாங்க," என்றான், அவள் காதுபட. "முள்ளுல இன்னாத்த கலக்கறதுன்னு எனக்கும் சொல்லிக் குடு செவ்வந்தி."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பால் தூக்கைத் தூக்கிக்கொண்டு அவள் நடந்தாள். நடக்க நடக்க ஒரு நினைப்பு முள்போல ஏறியது. தான் கலக்கவில்லை. அப்படியானால் அம்முலு?

அம்முலுவுக்கு ஊரில் அப்படி ஒரு பேர் உண்டு. நாலைந்து வருஷத்துக்கு முன்னால், கனகாம்பரப் பூக்கூடைக்கு அடியில் ஈரத்துணி வைத்து எடை காட்டினாள் என்று பூ வியாபாரி சத்தம் போட்டுவிட்டுப் போனான். அன்று அவள் குழந்தைக்குக் காய்ச்சல், மருந்துக்கு வழியில்லை என்பது யாருக்கும் ஞாபகமில்லை. ஈரத்துணி மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. வியாழக்கிழமை இரண்டு பேரும் ஒரே வயலில் குனிந்து களையெடுத்தார்கள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை. கரையேறும்போது அம்முலு, வேண்டுமானால் பொன்னியம்மன் முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணுகிறேன் என்றாள். செவ்வந்தி வேண்டாம் என்று சொன்னாள். ஆனால் சொன்ன குரலில் நம்பிக்கை இல்லாதது அவளுக்கே கேட்டது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குச் சுப்ரஜா வந்தாள். காஞ்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறாள், முகம் வாடியிருந்தது. இந்தச் செடியை நம்பி அவளும் மூன்று வருஷம் போட்டிருந்தாள். முதல் இரண்டு மூட்டையின் சாறு பட்ட ஆய்வுக்கூடத் தட்டுகளில் குருத்தணுக்கள் நாற்றாகவே நின்றன. மூன்றாம் மூட்டையின் சாறு பட்ட தட்டில் மூன்றே நாளில் முக்கால்வாசி செத்துப்போயின என்று வந்ததும் இருவரிடமும் சொன்னாள். சாற்றைப் பிரித்துப் பார்த்ததில் நீர்முள்ளியில் இல்லாத ஏதோ ஒன்று தெரிந்தது. ஒரே ஊர், ஒரே கை, ஆனாலும் மூட்டைக்கு மூட்டை மாறுகிறது என்றால் இந்த இடத்தை விட்டுவிடலாம் என்று பேராசிரியர், மோகன் சொன்ன அந்தப் 'பெரிய சார்', சொல்லிவிட்டார். ஏரி இன்னும் மூன்று வாரத்தில் வற்றிவிடும். அதற்குமேல் இந்த வருஷம் செடி கிடையாது.

அவள் முதலில் அம்முலுவைக் கூப்பிட்டு விசாரித்தாள். பிறகு அம்முலுவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுச் செவ்வந்தியைக் கூப்பிட்டாள். எங்கே அறுத்தீர்கள், எந்தத் தண்ணீரில் அலசினீர்கள், யார் யார் உள்ளே வந்தார்கள் என்று வரிசையாகக் கேட்டு நோட்டில் எழுதினாள். வேறு ஏதாவது சேர்த்தீர்களா என்றும் கேட்டாள். ஒன்றுமே சேர்க்கவில்லை என்றாள் செவ்வந்தி. அவள் பொய் சொல்லவில்லை. நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டு வருகிறவளிடம் முகத்தில் என்ன சேர்த்தாய் என்று கேட்டால், எதுவும் இல்லை என்றுதானே சொல்வாள்.

சுப்ரஜா பேனாவை மூடினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அக்கா, வர்ற வழியில ரெண்டு பேர் அம்முலுக்கா பேரச் சொன்னாங்க. எனக்குத் தெரியல. நீங்க கூடவே இருந்தவங்க. உங்களுக்கு என்ன தோணுது?" என்றாள்.

ஜன்னல் வழியே பார்த்தால் அம்முலு தெரிந்தாள். புங்கமரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்து, பாதத்தில் ஏறியிருந்த முள்ளை ஊக்கால் கிளறிக்கொண்டிருந்தாள். நீர்முள்ளி முள்தான். இந்த வேலைக்கு வந்தபிறகு இரண்டு பேர் காலிலும் அது எப்போதும் இருக்கிறது. ஆமாம், எனக்கும் சந்தேகந்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். செவ்வந்தியின் பெயர் அவளுக்குத் திரும்பக் கிடைத்துவிடும். சுப்ரஜா அதை நம்புவாள், ஊரும் நம்பும்.

"நான் பாக்கல மேடம்," என்றாள் செவ்வந்தி. "பாக்காதத எப்பிடி சொல்றது. அவளும் என்னாட்டம்தான் அறுத்தா."

சுப்ரஜா தலையாட்டினாள். அவளுக்கு ஏமாற்றமாக இருந்ததா, நிம்மதியாக இருந்ததா என்று தெரியவில்லை. போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். வெள்ளைத் தகடு ஒன்று, அதன்மேல் கீழிருந்து மேலாக மூன்று தடங்கள், மூட்டைக்கு ஒன்று. சாற்றில் ஒரு சொட்டு வைத்தால் அதில் இருக்கிற ஒவ்வொன்றும் தனித்தனிக் கோடாகப் பிரிந்து ஏறி நிற்குமாம். முதல் இரண்டு தடமும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒன்றுபோல இருந்தன. மூன்றாவதில் எல்லாக் கோடும் இருந்தது. கூடவே நடுவில் இன்னொரு கோடு. பளிச்சென்ற மஞ்சள்.

"இதுதான் எங்கேருந்து வந்ததுன்னு தெரியல. இந்த மஞ்சள் நீர்முள்ளியில கிடையாது. ஏதோ பூவோ வேரோ கலந்திருக்குன்னு நினைக்கிறோம்."

செவ்வந்தி போனைக் கையில் வாங்கிக்கொண்டாள். வெள்ளிக்கிழமையானதால் காலையில்தான் மஞ்சள் பூசிக் குளித்திருந்தாள். போனைப் பிடித்த கட்டைவிரலின் நகக்கண்ணில் ஒரு கீற்று இருந்தது. படத்திலும் அதே கீற்று. அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

தெரிந்துவிட்டது. அதோடு இன்னொன்றும் தெரிந்தது. இதை இந்த அறையில் வேறு யாரும் கண்டுபிடிக்கவில்லை; வாயைத் திறக்காவிட்டால் கண்டுபிடிக்கப்போவதும் இல்லை. சொன்னால் என்ன ஆகும்? சாமி கும்பிட்டுச் செய்த காரியத்தால் அந்த உயிர்கள் செத்தன என்று ஆகும். அம்மன் பெயரையும் சேர்த்து இழுத்துவிட்ட மாதிரி ஆகும். வெளியே அம்முலு முள்ளை எடுத்துவிட்டாள் போலிருக்கிறது. விரல் நுனியில் அதை வைத்து வெயிலில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம்," என்றாள் செவ்வந்தி. "இது மஞ்சளு. நம்ம வூட்டு மஞ்சளு. நான்தான் போட்டேன்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். குளித்தது, கற்பூரம், செடியிடம் கேட்டுக்கொண்டது, அன்னக்கூடையில் முக்கியது. அம்முலு அன்று தண்ணீர் தூக்கப் போயிருந்தாள், இதில் அவளுக்குச் சம்பந்தம் இல்லை என்பதையும் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, கேட்காமல் இருக்க முடியாத ஒன்றைக் கேட்டாள்.

"நான் சாமி கும்ட்டதாலதான் அதுங்க செத்துப்போச்சா?"

சுப்ரஜாவுக்குக் கண் கலங்கியது. கோபமாக வருமோ என்று பயந்த செவ்வந்திக்கு அது இன்னும் பயமாக இருந்தது.

"இல்லக்கா. மஞ்சள் பட்டுதான் செத்துது. நீங்க வேண்டிக்கிட்டது யாரையும் ஒண்ணும் பண்ணாது." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாம் சாப்பிடுகிற மஞ்சள் வயிறு, ஈரல் என்று பல கை மாறித்தான் ரத்தத்துக்குப் போகிறது. தட்டில் இருக்கிற அணுவுக்குத் தோலும் இல்லை, வயிறும் இல்லை. அவ்வளவு மஞ்சள் நேராக மேலே பட்டால் தாங்காது என்று விளக்கினாள். "மொதல் ரெண்டு மூட்டைக்கு நீங்க இதச் செய்யல. இது எதுக்குன்னு நான் வந்து சொன்னதாலதான் செஞ்சீங்க."

"அப்ப, சொன்னது தப்பா?"

"சொன்னது தப்பில்ல. அறுங்க, அலசுங்க, காயவைங்கன்னு சொல்லிக் குடுத்தேன். நீங்க வேற என்ன செய்வீங்கன்னு கேக்கவே இல்ல. அதுதான் தப்பு. என் தப்பு."

அவள் நோட்டைத் திறந்து, 'கலப்படம்?' என்று எழுதியிருந்த இடத்தைப் பேனாவால் அடித்தாள். அங்கேயே உட்கார்ந்து பேராசிரியருக்குப் போன் போட்டாள். அவர் லேசில் நம்பவில்லை. அந்த மஞ்சளையே கொண்டுவா, பக்கத்தில் ஒரு சொட்டு வைத்துப் பார்ப்போம், கோடு ஒத்துப்போனால் கடைசியாக ஒரு மூட்டை என்றார். செவ்வந்தி வீட்டுக்கு ஓடிப்போய் அம்மியோரத்தில் வைத்திருந்த விரலி மஞ்சளில் இரண்டு துண்டைக் காலண்டர் தாளில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

சுப்ரஜா கிளம்பிப் போனபிறகு செவ்வந்தி புங்கமரத்தடிக்குப் போய் அம்முலுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நடந்ததைச் சொன்னாள். சொல்லாமல் விட்டிருக்கலாம் என்கிற ஒன்றையும் சொன்னாள்.

"ரெண்டு நாளா நான் உன்னத்தான் நெனச்சிக்கினு இருந்தேன் அம்முலு."

அம்முலு கையிலிருந்த ஊக்கை முந்தானையில் குத்திக்கொண்டாள்.

"நான் மட்டும் யார நெனச்சேன்ற? உன்னத்தான். ராவெல்லாம் தூக்கமில்ல." பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "நல்லவேள, சத்தியம் பண்ண கற்பூரம் வாங்காம போனேன். காசு தண்டமாயிருக்கும்."

எட்டாம் நாள் மோகன் வந்தான். கோடு ஒத்துப்போயிருந்தது. வண்டியில் புதுச் சாக்கு இருந்தது.

மறுநாள் விடியலில் இருவரும் ஏரிக்குப் போனார்கள். தண்ணீர் நடு மடுவுக்கு ஒதுங்கிவிட்டது. செடி இருந்தது ஒரு மூட்டைக்குத்தான். செவ்வந்தி அரிவாளோடு சும்மா நின்றாள். மஞ்சள் போடக் கூடாது, சரி. ஆனால் மருந்துச் செடியைக் கேட்காமல் அறுக்க அவளுக்குக் கை வரவில்லை. இரண்டு நாளாக இதையே யோசித்து, பொன்னியம்மன் முன்னால் நின்றும் கேட்டுவிட்டாள். அம்மன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கோவிச்சுக்கொண்டதாகவும் தெரியவில்லை.

கரையேறும் இடத்தில் நன்றாகக் கிளைவிட்டு நின்ற ஒரு செடியைத் தேர்ந்தெடுத்தாள். அதற்கு மட்டும் மஞ்சள் தெளித்து, அடியில் குங்குமம் வைத்து, மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து அதனிடம் கேட்டுக்கொண்டாள். அந்தச் செடி அம்மனுக்கு, அதை அறுப்பதில்லை. பிறகு எழுந்து போய், கொண்டுவந்திருந்த சோப்பைப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவினாள். நகத்தை மணலில் தேய்த்தாள். மறுபடியும் சோப்பு போட்டாள்.

"சாமி கும்ட்டுட்டு கைய சோப்பு போட்டுக் கழுவறவ ஒலகத்துலயே நீ ஒருத்திதான்," என்றாள் அம்முலு. சொல்லிவிட்டு, தானும் கையை நீட்டிச் சோப்பைக் கேட்டாள்.

பங்குனி பிறந்து பத்து நாள் கழித்துச் சுப்ரஜாவின் செய்தி செவ்வந்தியின் போனுக்கு வந்தது. தகட்டின் படம் இருந்தது. நான்காவது தடத்தில் மஞ்சள் கோடு இல்லை. கீழே, தட்டில் ஏழு நாளாக நாற்று நாற்றாகவே நிற்கிறது என்று எழுதியிருந்தாள். இது ஆரம்பந்தான், இன்னும் பல வருஷ வேலை இருக்கிறது, அடுத்த கார்த்திகைக்கு வருகிறேன் என்றும் இருந்தது. செவ்வந்தி அந்தப் படத்தை டீக்கடையில் சின்னராசுவிடம் காட்டினாள். அவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தான். ஒன்றும் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, அன்றைய டீயைக் கொஞ்சம் கெட்டியாகப் போட்டுக் கொடுத்தான்.

அதே வாரம் மோகன் ஒரு தாளைக் கொண்டுவந்து குழுக் கட்டடத்துச் சுவரில், கேஸ் ஏஜென்சி காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினான். ஆராய்ச்சிக்கூடத்தின் முத்திரை போட்டு, தமிழில் அச்சடித்த தாள். நீர்முள்ளி சேகரிக்கும் முறை என்று தலைப்பு. சேகரிப்பவர்கள்: செவ்வந்தி, அம்முலு. முதல் விதியை அவன் வாய்விட்டுப் படித்தான்.

அறுவடைக்கு முன் ஒரு செடிக்கு மட்டும் மஞ்சள், குங்குமம் இட்டு வழிபடலாம். அந்தச் செடியை அறுக்கவோ மூட்டையில் சேர்க்கவோ கூடாது. வழிபட்டபின் கைகளைச் சோப்பு போட்டு இரண்டு முறை கழுவ வேண்டும்.

அம்முலு இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். அவன் படித்தான்.

"யாரு எழுதுனது இத்த?" என்று கேட்டாள்.

"பெரிய சாரே எழுதுனாராம்," என்றான் மோகன்.

தாளின் ஒரு மூலை காற்றில் தூக்கிக்கொண்டிருந்தது. செவ்வந்தி நாலு பருக்கைச் சோறு எடுத்துவந்து அந்த மூலையை ஒட்டி, உள்ளங்கையால் நன்றாக அழுத்திவிட்டாள்.